வெள்ளிக்கிழமை மூன்று மணி

மே மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலை மற்ற மாவட்டத்துக்காரர்கள் மேலிருந்து படிப்பார்கள், நாங்கள் கீழிருந்து படிப்போம். 2019-ல் மாநிலத் தேர்ச்சி 95.2 சதவீதம், வேலூர் 89.98, கடைசி இடம். 2022-ல் மாநிலம் 90.07, வேலூர் 79.87, மறுபடியும் கடைசி. 2023-ல் அந்த இடம் 83.54 சதவீதத்தோடு ராணிப்பேட்டைக்குப் போனது. 2024-ல் 82.07 சதவீதத்தோடு வேலூருக்கே திரும்பி வந்தது. நடுவில் 2019 கடைசியில் பழைய வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரில் தங்கின. அலுவலகம், மேசை, நாற்காலி, ஜீப் எல்லாவற்றுக்கும் பாகப்பிரிவினை நடந்தது. கடைசி இடத்தில் மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

நான் ஆசிரியப் பயிற்றுநர். வட்டார வள மையத்தில் வேலை. வெளியாட்களுக்கு இந்தப் பதவி என்னவென்றே தெரியாது, சொந்தக்காரர்களே "ஸ்கூல்ல பாடம் எடுக்கறியா, ஆபீஸ்ல இருக்கியா?" என்று கேட்பார்கள். இரண்டும் உண்டு, இரண்டும் முழுசாக இல்லை. சென்னையிலிருந்து திட்டம் வரும். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோவது நான். பள்ளியில் திட்டம் நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். அதைச் சென்னைக்கு அனுப்ப வைப்பதும் நான்தான். ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு பக்கம் பயிற்சிக் கையேடு, இன்னொரு பக்கம் உற்றுநோக்கல் படிவம். தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போடுவதற்கு முன்பே, "மேடம், எமிஸ்ல எல்லாம் ஏத்திட்டோம்" என்பார். எமிஸ் என்பது பள்ளி விவரங்களை ஏற்றும் அரசுத் தளம். கல்வி பற்றி எங்களுக்குள் நடக்கும் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சில நாள் அங்கேயே முடிந்தும் விடும்.

பின்தங்கிய பள்ளிகளுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் கண் முன்னால் வந்தவற்றையே சொல்கிறேன். 1 முதல் 3-ம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம், 2022 ஜூனில் வந்தது, பிறகு 5-ம் வகுப்பு வரை விரிந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் இருக்கும் இடத்திலிருந்து சொல்லித் தருவது. 2025-ல் 6-ம் வகுப்பிலிருந்து மேலே திறன் என்ற பெயரில் அதே வேலை. பேராசிரியர் அன்பழகன் பெயரில் வகுப்பறைகள். நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி என்று வெளியார் நன்கொடைக்கு ஒரு வழி. ஒருங்கிணைந்த பள்ளி மானியம், பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்து; 100-க்கு மேல் 250 வரை இருக்கும் பள்ளிக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய், அதில் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்குப் போக வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை, ஒரு செயலி, ஒரு கடைசித் தேதி.

நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பொதுப்பணத்துக்குக் கணக்கு கேட்கத்தான் வேண்டும். சோப்பு வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்துவிட்டு சோப்பை வாங்காத பள்ளியையும் பார்த்திருக்கிறேன். எனக்கு உறைத்தது வேறு விஷயம். அது உறைத்தது ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு போடும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வைத்துத்தான் அரசு மானியமே தர வேண்டும் என்று சட்டத்தின் 22-ம் பிரிவு சொல்கிறது. படித்தால் புல்லரிக்கும். பெற்றோர் எழுதுகிறார்கள், அரசு தருகிறது! பத்துப் பன்னிரண்டு வருடம் இது பெரும்பாலும் ஏட்டில் இருந்தது. 2022-ல் தமிழ்நாடு முழுக்கக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், தலைமை ஒரு தாய்க்கு. மாதத்தின் முதல் வெள்ளி, பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் என்று அப்போது வைத்தார்கள். தீர்மானத்தையும் வருகையையும் செயலியில் ஏற்ற வேண்டும்.

ஆம்பூரில் இருந்து துத்திப்பட்டு, பெரியவரிகம் போகும் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே தலைவியாக வந்தவர் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். அப்பருக்கும் லைனிங்குக்கும் பசை தடவி ஒட்டும் வேலை. பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் விரல் நுனியில் காய்ந்த பசையை மற்றக் கை நகத்தால் மெல்ல மெல்ல உரித்துக்கொண்டிருப்பார், பல்லியின் வால் மாதிரி அது சுருண்டு மடியில் விழும். கூட்டத்துக்கு வருவதற்கு முன் கையைக் கழுவி வந்தாலும் அது போகாது. தீர்மானப் புத்தகத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பக்கங்களில் ஓரத்தில் லேசாக ஒரு பளபளப்பு இருக்கும்.

அந்த முதல் வெள்ளிக்கு ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் இரண்டு பாட்டிமார், ஒரு ஆட்டோக்காரர், வார்டு உறுப்பினர், தலைவி. படம் எடுத்தோம். தீர்மானம் படித்தோம். கழிவறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவர், கணினி. எல்லாப் பள்ளியிலும் இதே மூன்றுதான் இருக்கும். வேறு எழுதினால் செயலியில் எந்தத் தலைப்பில் போடுவது என்று குழப்பம் வரும் என்பதால் தலைமையாசிரியர்களும் இதையே விரும்புவார்கள். முடிந்ததும் நான் வழக்கம்போல, "அடுத்த மாசம் எல்லா உறுப்பினரும் வரணும்மா, பாதிக்குப் பாதிகூட இல்லைன்னா மேல கேள்வி கேப்பாங்க" என்றேன்.

தலைவி சிரித்தார். கோபமெல்லாம் இல்லை. "மூணு மணிக்கு நான் இங்க வரணும்னா ரெண்டு மணிக்கே கேட் பாஸ் வாங்கணும் மேடம். அரை நாள் சம்பளம் போவுது. மாசம் ஃபுல்லா லீவு போடாம வந்தா தர்ற காசும் போவுது. சூப்பர்வைசர் மொகத்த வேற பாக்கணும். நீங்க ஒரு போட்டோ எடுக்கறதுக்கு எனக்கு இவ்ளோ செலவு."

பதினைந்து பெற்றோரில் பத்துப் பேருக்கு மேல் கம்பெனிக்குப் போகிற தாய்மார். கட்டிங், ஸ்டிச்சிங், ஃபினிஷிங் என்று ஆளுக்கொரு பிரிவு. இரண்டு பேர் வீட்டிலேயே உட்கார்ந்து மொக்காசின் ஷூவுக்குக் கைத்தையல் போடுகிறவர்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எழுந்து போனால் அன்றைக்கு அந்த ஜோடி இல்லை. இவர்கள்தான் பள்ளியை நடத்த வேண்டியவர்கள் என்று சட்டம் சொல்கிறது. இவர்கள் யாருமே வர முடியாத நேரத்தைக் கூட்டத்துக்கு வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு ஆம்பூரில் வெள்ளிக்கிழமை! ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் சாப்பிட்டு மறுபடி கடைக்கும் தோல் ஷாப்புக்கும் ஓடும் நேரம். சென்னையில் உட்கார்ந்து மாநிலம் முழுமைக்கும் ஒரு நேரத்தைக் குறித்தவர்களுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் கண்காணிக்கச் சுலபம், அவ்வளவுதான். கூட்டம் யாருக்காக நடக்கிறது என்ற கேள்விக்கு அந்த நேரமே பதில் சொல்லிவிட்டது.

அதற்கு அடுத்த மாதம் நாங்கள் செய்ததை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்தவர்களை வைத்துப் படம் எடுத்து ஏற்றினோம். உண்மையான கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, தெருவில் மாலை வகுப்பு எடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் வீட்டுத் திண்ணையில் நடந்தது. தலைமையாசிரியர் காட்பாடியில் இருந்து தன் காசில் ரயிலேறி வந்தார். பதிவேட்டில் அந்த ஞாயிறு இல்லை. இது முறையா என்று கேட்டால் முறையில்லை. மறுபடியும் செய்வாயா என்றால் செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமை திண்ணை கொள்ளவில்லை. தெருவில் பாய் விரித்தார்கள். தமிழும் உருதுவும் கலந்து ஒரே இரைச்சல். சுற்றுச்சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் நேரத்தைப் பற்றி. கம்பெனி பஸ் ஏழு மணிக்கு முன்பே தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் குளிப்பாட்டி. பள்ளி தொடங்க ஒன்பதைத் தாண்ட வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளை யார் பொறுப்பு? மாலை நாலே காலுக்குப் பள்ளி விட்டால் அம்மா பஸ்ஸை விட்டு இறங்க ஆறரை. ஓ.டி. என்றால் எட்டு. அந்த இரண்டு, நாலு மணி நேரம்? நாங்கள் ஆய்வுக் கூட்டங்களில் "கற்றல் இடைவெளி" என்று பவர்பாயிண்டில் போடுவோமே, அந்த இடைவெளி இந்தத் தெருவில் காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கிடந்தது, மாலை நாலே காலுக்கும் ஆறரைக்கும் நடுவில் கிடந்தது.

அதைக் கேட்ட பிறகு, கடந்த சில வருடங்களில் வந்த திட்டங்களில் எது எங்கள் பள்ளிகளில் பிடித்துக்கொண்டது, எது வழுக்கிக்கொண்டு போனது என்பது எனக்குப் புரிந்தது. காலை உணவுத் திட்டம் பிடித்துக்கொண்டது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 31,008 பள்ளிகள் என்றார்கள். பசியைப் பற்றியும் ஊட்டச்சத்தைப் பற்றியும்தான் எல்லாரும் பேசினார்கள், அது சரிதான். எங்கள் பக்கத்தில் அது பிள்ளைக்கு எட்டு மணிக்கே போக ஓர் இடத்தைக் கொடுத்தது. பஸ் ஏறும் அம்மா, "நேரா ஸ்கூலுக்குப் போயிடு, உப்புமா ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதுவரைக்கும் தெருவில் சுற்றிவிட்டுப் பத்து மணிக்கு வந்தவன், அல்லது வராமலே போனவன், இப்போது மணியடிக்கும் முன்பே வளாகத்துக்குள் இருக்கிறான். எண்ணும் எழுத்தும் பயிற்சியை நான் எவ்வளவு உருகி உருகி நடத்தினாலும் வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு அரும்பும் கிடையாது, மொட்டும் கிடையாது.

இல்லம் தேடிக் கல்வியும் அப்படித்தான் பிடித்துக்கொண்டது. கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்காக 2021 அக்டோபரில் வந்த திட்டம் அது. மாலை 5 முதல் 7 வரை, தெருவிலேயே ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரும்பாலும் பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள். கொரோனாவின் இழப்பை அது எவ்வளவு ஈடுகட்டியது என்று பெரியவர்கள் ஆராயட்டும். கம்பெனி விடும் நேரத்துக்கும் பள்ளி விடும் நேரத்துக்கும் நடுவில் யாரோ ஒருவர் திண்ணையில் கோலிக்குண்டை வைத்துப் பெருக்கல் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். பிறகு மையங்கள் குறைந்தன. குறைத்தவர்களிடம் காரணம் இருந்திருக்கும், கொரோனாவின் பாதிப்பு முடிந்துவிட்டது என்று. ஷிஃப்ட் முடியவில்லையே.

காலை உணவில் ஒரு குறையும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. திட்டம் 5-ம் வகுப்பு வரைக்கும். நடுநிலைப் பள்ளியில் 8 வரை இருக்கிறார்கள். ஆறாவது படிக்கும் அக்கா இரண்டாவது படிக்கும் தம்பியைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்கு வருவாள். தம்பி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருவான். அக்கா வராந்தாத் தூண் பக்கம் நிற்பாள். அவளுக்கும் அதே வீடு, அதே பஸ், அதே பட்டினி. சமையல் செய்யும் சுய உதவிக் குழு அக்கா ஒருவர், மிச்சம் இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் ஒரு கரண்டி வைத்துவிடுவார். கணக்கில் வராத கரண்டி. படிவத்தைப் பொறுத்தவரை நான் அதைப் பார்க்கவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வருகைப் பதிவு. நல்லாப் படிக்கும் பெண், மாதத்தில் பாதி நாள் வருவதில்லை. எமிஸில் அவள் "இடைநிற்கும் வாய்ப்புள்ளவர்". தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனார், நானும் போனேன், அவள் அம்மாவுக்குக் கல்வியின் அருமையை எடுத்துச் சொன்னோம். அந்தம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், டீ கொடுத்தார், மறுநாளும் பெண் வரவில்லை. திண்ணைக் கூட்டத்தில் ஒரு பாட்டிதான் போட்டு உடைத்தார்: "அந்தப் பொண்ணு வந்துட்டா கைக்கொழந்தய ஆரு பாக்கறது? நீயா பாப்ப?" எட்டு மாதக் குழந்தை. வீட்டிலிருக்கும் பாட்டிக்கு உடம்பு சரியில்லாத நாளெல்லாம் அக்காவுக்கு லீவு.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ம் பிரிவில், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்து ஷூ கம்பெனி எதிலும் 30 பெண்கள் என்பது ஒரு வரிசைக்கே காணாது. தாய்மார் நாலு பேர் அந்தப் பெண்ணின் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் போய்க் கேட்டார்கள். காப்பகம் இருக்கிறது. அறை இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, ஆயாவும் இருக்கிறார். கம்பெனி பஸ்ஸில் கைக்குழந்தையை ஏற்றக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. நெரிசல், நின்றுகொண்டு வருகிறவர்கள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு. ஆகவே தொட்டில் கம்பெனியிலும் குழந்தை வீட்டிலும் அக்கா குழந்தையோடும் இருந்தார்கள். கேட்டுக் கேட்டு, முன் சீட் இரண்டைக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். பெரிய போராட்டம் எல்லாம் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் அந்த வருடம் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தாள்.

இந்த ஊரில் தோலும் பள்ளிக்கூடமும் புது உறவு இல்லை. தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் இங்கே பள்ளி கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் வந்தது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் நவாப் அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரியே இருக்கிறது. இன்றைக்கும் கம்பெனிக்காரர்களிடம் பெஞ்ச் கேட்டால் தருகிறார்கள், ஆர்.ஓ. மெஷின் கேட்டால் தருகிறார்கள், பின்பக்கம் பெயர் எழுதி. பஸ் சீட்டில் பெயர் எழுத முடியாது. ஆனால் அந்தப் பள்ளிக்கு அந்த வருடம் கிடைத்த உதவிகளில் ஒரு பிள்ளையை வகுப்புக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது அந்த சீட்தான்.

மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அந்தக் கூட்டங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. திரையில் பள்ளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரும். சிவப்பில் இருக்கும் தலைமையாசிரியர் எழுந்து நிற்பார். "மெல்லக் கற்போர் லிஸ்ட் இருக்கா? மினிமம் மெட்டீரியல் குடுத்தீங்களா? காலைல, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் நடக்குதா?" எல்லாவற்றுக்கும் "நடக்குதுங்க" என்றுதான் பதில். என் முறை வந்தபோது, தொழிலாளர் துறைக்காரர் ஒருவரையும் இந்தக் கூட்டத்துக்கு அழைத்தால் நன்றாக இருக்கும், கம்பெனி பஸ் நேரமும் காப்பகமும் நம் வருகைப் பதிவோடு ஒட்டியவை என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. "நல்ல பாயின்ட்தான். ஆனா அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லையேம்மா" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். நல்ல மனிதர்தான். அடுத்த ஸ்லைடு வந்தது.

நிபந்தனை எல்லாம் ஏன் பள்ளியின் மேலேயே விழுகிறது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வந்தது. பள்ளிதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கம்பெனி எட்டாது, பஸ் எட்டாது, வீடு எட்டாது. ஆகவே எட்டுகிறவரின் காதைத் திருகுகிறோம். அமெரிக்காவில் இதையே கோடி கோடியாகச் செலவழித்துச் செய்து பார்த்தார்கள். 2002-ல் கையெழுத்தான அவர்கள் சட்டம், வருடா வருடம் தேர்வில் முன்னேற்றம் காட்டாத பள்ளிகளின் மேல் படிப்படியாக நடவடிக்கை எடுத்தது. பிறகு ஒபாமா காலத்தில் மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு மானியம். அதை வாங்க வேண்டுமானால் தலைமையாசிரியரை மாற்று, ஆசிரியர்களில் பாதிப் பேரை மாற்று, இல்லை பள்ளியையே மூடு என்பது போன்ற நாலு வழியில் ஒன்றை எடுக்க வேண்டும். அவர்கள் கல்வித் துறையே 2017-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், அந்த மானியத்தால் கணிதத்திலோ வாசிப்பிலோ குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை என்று வந்தது. நம் ஊர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் தலைமையாசிரியருக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று ஒருவரிடம் சொன்னேன். "அவங்களாவது மாத்திட்டு விட்டுட்டாங்க, நம்மள நிக்க வச்சே வச்சிருக்காங்க" என்றார்.

2024-ல் எனக்கே அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. எங்கள் சம்பளம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வருவது. ஒன்றிய அரசு பெரும் பங்கு, மாநில அரசு மீதி. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர ஒப்பந்தம் போட வேண்டும், அந்த ஒப்பந்தம் புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்கிறது, மும்மொழியை ஏற்க முடியாது என்று தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றது. முதலமைச்சர் செப்டம்பரில் டெல்லி போய்ப் பிரதமரைப் பார்த்தார். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசியல் வாதங்கள் எல்லாரும் அறிந்தவை, என் கட்சியும் தமிழ்நாட்டின் கட்சிதான். அந்த மாதங்களில் சம்பளம் எப்போது வரும் என்று வள மையத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் ஒருவர் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்டார். அப்போதும் பள்ளிகளுக்குப் போய், "இதை ஏத்தலைன்னா மானியம் வராது" என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். டெல்லி சென்னையிடம் சொல்வதை நான் பெரியவரிகத்துப் பக்கத்து நடுநிலைப் பள்ளியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், தொகைதான் வேறு.

இப்போது நான் பள்ளிக்குப் போனால் முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "யார் யார் வரல, அவங்க வீட்ல யாரு எத்தனை மணிக்குக் கெளம்பறாங்க?" ஆசிரியர்களுக்கு ஆரம்பத்தில் இது விசித்திரமாக இருந்தது. இப்போது இரண்டு மூன்று பள்ளிகளில் வருகைப் பதிவேட்டின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்கள்: அம்மா கம்பெனி, பஸ் 6.40, அப்பா தோல் ஷாப், நைட், பாட்டி மட்டும், தம்பி கைக்குழந்தை. அந்தப் பக்கத்தை வைத்து மாலைச் சிறப்பு வகுப்பை ஒரு பள்ளி ஆறரை வரை நீட்டியது. அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி அப்படியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே ஆசிரியை ஒருவர் உள்ளூர்க்காரர் என்பதால் அது முடிந்தது. ரயிலைப் பிடித்துக் காட்பாடிக்கோ திருப்பத்தூருக்கோ போக வேண்டியவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை அவருக்காகக் காத்திருக்கும்.

2024-ல் குழுக்களை மறுபடியும் புதிதாக அமைத்தார்கள். முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. அந்தப் பள்ளியில் பழைய தலைவியின் மகன் எட்டு முடித்து ஊருக்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டதால் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்திருக்கிறார், ஸ்டிச்சிங்கில் டைலர். பழையவர் போகும் முன் புதியவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை உட்பட. இந்த வருடப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் அவர்கள் எழுதித் தந்தவை மூன்று. கூட்ட நேரத்தைப் பள்ளியே முடிவு செய்ய அனுமதி. 8-ம் வகுப்பு வரை காலை உணவு. கம்பெனி பஸ்களின் நேரம் பற்றிப் பேச ஒரு பொதுக் கூட்டம். செயலியில் ஏற்ற உட்கார்ந்தேன். கட்டடம், குடிநீர், கழிவறை, தளவாடம், கற்றல் என்று தலைப்புகள் வரிசையாக இருந்தன. இவற்றுக்கு ஏற்ற தலைப்பு இல்லை. தலைவி பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசில 'இதர'ன்னு ஒண்ணு இருக்கே மேடம், அதுல போடுங்க" என்றார். மூன்றையும் அதில்தான் போட்டிருக்கிறோம்.